ஐயமும் திரிபும்: விமான வழிகாட்டலில் அலைப்போர்

ஒருவர் ஒரு பொருளை உள்ளவாறு உணர்ந்தார் என்பதை ‘ஐயந்திரிபற உணர்ந்தார்’ என்று கூறுவது தமிழ் வழக்கு. இத்தொடரிலே அறிவுக்கு நேரும் இரு குற்றங்கள் சுட்டப்படுகின்றன. மாலை மங்கலிலே தூரத்தில் நிற்பது மரக்குற்றியோ மனிதனோ என்று துணியமாட்டாது நிற்றல் ஐயம். நிலத்திற் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்றே துணிந்து அஞ்சியோடுதல் திரிபு. தருக்க நூலார் இவ்விரண்டையும் ஏன் இத்துணை கவனமாக வேறுபிரித்து ஓதினர் என்பதை யான் மாணவனாயிருந்த காலத்தில் நன்கு விளங்கிக்கொண்டேனல்லேன். ஐயமுற்றவன் தனக்குத் தெரியாது என்பதையாவது தெரிந்திருக்கின்றான். திரிபுற்றவன் அதனையும் அறியான். இவ்வேறுபாட்டின் கனதியை எனக்கு உணர்த்தியது தருக்க நூலன்று. ஆகாய விமானங்களைப் பற்றிய ஒரு பத்திரிகைச் செய்தியே.

2024ஆம் ஆண்டிலே மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையை அடுத்துப் பறந்த பல பயணிகள் விமானங்களின் கருவிகள், அவை பெய்ரூத் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. விமானங்களோ பல்லாயிரம் அடி உயரத்திற் பறந்துகொண்டிருந்தன. இச்செய்தியைப் படித்து வந்த மாணவன் ஒருவன், தான் எங்கே நிற்கின்றான் என்பது விமானிக்குத் தெரியாதா என்று வகுப்பிலே வினவினான். யான் கலைப் பட்டதாரி, பௌதிகம் கற்பிப்பவனல்லேன். அன்று அவனுக்குத் தக்க விடை கூற என்னால் இயலவில்லை. பின்னர் தேடிப் படித்து அவனுக்குக் கூறியவற்றின் விரிவே இக்கட்டுரை.

நிலத்திற் செல்வோனுக்கு மைற்கல் உண்டு. கடலோடிக்குக் கலங்கரை விளக்கமும் விண்மீன்களும் உண்டு. முகிற் கூட்டத்தினூடே மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் விமானிக்கோ கண்ணாற் காணத்தக்க அடையாளம் யாதுமில்லை. ஆதலின் அவன் தன் கண்ணின் தொழிலை வானொலி அலைகளிடம் ஒப்படைத்துள்ளான். இன்று அத்தொழிலைப் பெரும்பாலும் செய்வன, புவிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றிவரும் செய்மதிகள். அமெரிக்கர் அமைத்த ஜீ.பீ.எஸ். என்னும் தொகுதியே இவற்றுள் முதன்மையானது. அதன் முதற் செய்மதி 1978இல் ஏவப்பட்டது. 1995இல் அது முழுமையாக இயங்கத் தொடங்கியது.

அதன் இயக்கம் எளிதில் விளங்கத்தக்கது. ஒவ்வொரு செய்மதியும் தன்னிடத்துள்ள அணுக்கடிகாரத்தைப் பார்த்து, ‘யான் இன்ன இடத்திலுள்ளேன்; இப்பொழுது இன்ன நேரம்’ என்று இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கும். அவ்வறிவித்தல் ஒளியின் வேகத்திற் சென்று, ஒரு செக்கனில் பதினைந்தில் ஒரு பங்கு அளவான காலத்தில் விமானத்தை அடையும். வந்துசேர எடுத்த காலத்தைத் தூரமாக மாற்றுவது வெறும் பெருக்கற் கணக்கு. மூன்று செய்மதிகளின் தூரம் தெரிந்தால் இடம் தெரியும். ஆயினும் விமானத்திலுள்ள கருவியின் கடிகாரம் அணுக்கடிகாரத்தைப் போலத் துல்லியமானதன்று. ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீற்றர் பிழைத்துவிடும். அப்பிழையையும் கண்டு நீக்குதற்கு நான்காவது செய்மதி வேண்டப்படுகின்றது. ஆகவே இக்கருவி இடத்தை மட்டுமன்றி நேரத்தையும் தருவதாயிற்று. விமானத்தின் வேறு பல கருவிகள் அந்நேரத்தை நம்பியே இயங்குகின்றன. இதனை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் இதனாலேயே இடர் விளைவதைக் காண்போம்.

இத்தொகுதியின் பலவீனமும் அதன் உயரத்திலேயே உள்ளது. அத்துணை தொலைவு கடந்து வருகின்ற அலை நிலத்தை அடையும்பொழுது அதன் வலு, ஓர் உவாற்றை நூறு கோடி கோடி கூறுகளாக்கினால் அவற்றுள் ஏறக்குறைய ஒரு கூறே. மெல்லப் பேசுவோன் ஒருவனுடைய சொல்லைக் கேட்கவொட்டாமற் செய்தற்குப் பெரிய பறை வேண்டியதில்லை. பக்கத்தில் நின்று ஒருவன் சீழ்க்கையடித்தாற் போதும். 2012ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலுள்ள நியூவார்க் விமான நிலையத்தின் தரையிறங்கு துணைக்கருவி தொல்லைக்குள்ளாயிற்று. காரணத்தை ஆராய்ந்தபோது, வேலைகொள்வோர் தன் வண்டி செல்லுமிடத்தை அறியாதிருக்கவேண்டுமென்று ஒரு சாரதி தன் வண்டியிற் செருகி வைத்திருந்த சிறு கருவியே அதனைச் செய்தது என்பது வெளியாயிற்று. அச்சாரதிக்கு ஏறத்தாழ 32,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. முதலாளிக்கு ஒளித்தவன் விமானத்துக்கும் வழியை ஒளித்துவிட்டான்!

அலையைப் பகைக்கும் முறை இரண்டு. உண்மையான அலையை வேறோர் இரைச்சலால் மூடிவிடுதல் ஒன்று. ஆங்கிலத்தில் ஜாமிங் எனப்படும் இதனை மறைத்தல் என்போம். உண்மையைப் போன்ற பொய்யலையை அனுப்பிக் கருவியை நம்பச் செய்தல் மற்றொன்று. ஸ்பூஃபிங் எனப்படும் இதனை மயக்குதல் என்போம். மறைத்தலால் விளைவது ஐயம். மயக்குதலால் விளைவது திரிபு. மறைக்கப்பட்ட கருவி ‘எனக்கு ஒன்றும் கேட்கவில்லை’ என்று ஒப்புக்கொள்ளும். விமானி அதனை விடுத்து வேறு வழி தேடுவான். மயக்கப்பட்ட கருவியோ முன்போலவே தெளிவாகவும் துணிவாகவும் பேசும். மறைத்தலை எங்கள் வயதினர் சிறுவயதிலேயே அறிவோம். தொண்ணூறுகளிலே யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாத இரவுகளில், சைக்கிள் தைனமோவை ஒருவர் சுழற்ற மற்றவர் வானொலிப் பெட்டியிற் செய்தி கேட்போம். மத்திய அலையில் எங்கிருந்தோ வரும் மற்றொரு நிலையம் மேலேறி வந்து செய்தியை மூடிவிடும். அப்பொழுது நாங்கள் செய்தியை இழந்தோமேயன்றிப் பொய்ச்செய்தியை நம்பினோமல்லோம்.

இவ்வலைப்போர் செய்மதிகளோடு பிறந்ததென்று எண்ணுவோர் உளர். அது பொருந்தாது. இதன் தந்திரங்கள் யாவும் 1940, 1941ஆம் ஆண்டுகளிலே இங்கிலாந்தின் வானத்தில் ஒருமுறை அரங்கேறியவையே. அவ்வரலாற்றைச் சிறிது விரித்துக் கூறுவது இன்றைய நிலையை விளக்குதற்கு உதவும்.

யுத்தத்துக்கு முன்னர் ஜேர்மனியிலே லோறன்ஸ் என்னும் கம்பனியார், மூடுபனியில் விமானம் தரையிறங்குதற்கு ஒரு முறையை அமைத்திருந்தனர். ஒன்றையொன்று சிறிது தழுவி நிற்கும் இரு வானொலிக் கற்றைகள் ஓடுபாதையிலிருந்து அனுப்பப்படும். ஒன்றிலே குற்றொலி, மற்றொன்றிலே நெட்டொலி. ஒன்றன் இடைவெளியை மற்றொன்று நிரப்புமாறு அவை இசைக்கப்பட்டிருக்கும். விமானி இடப்பக்கம் விலகினால் ஒருவகை ஒலியும், வலப்பக்கம் விலகினால் மற்றவகை ஒலியும் மேலோங்கும். நடுவழியில் நேரே வந்தால் இடையறாத ஒரே ஒலியே காதில் விழும். இதனையே பெரிதாக்கி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரத்துக்கு அனுப்பி, குண்டுவீச்சு விமானங்களை இரவிலே இலக்கின்மேற் கொண்டுசெல்லலாம் என ஜேர்மானியர் கண்டனர். ஒரு கற்றை பாதையைக் காட்டும். அதனை ஊடறுக்கும் மற்றொரு கற்றை குண்டு விழவேண்டிய இடத்தைக் காட்டும். இம்முறைக்கு அவர்கள் இட்ட மறைபெயர் க்னிக்கெபைன். வளைந்த கால் என்பது அதன் பொருள்.

வீழ்த்தப்பட்ட விமானத்திலிருந்து கிடைத்த ஒரு தாளிலும், பகைவரின் எனிக்மா மறைசொல்லிலிருந்து 1940 ஜூன் மாதத்தில் அவிழ்க்கப்பட்ட ஒரு செய்தியிலும் இப்பெயர் காணப்பட்டது. இவற்றை இணைத்து உண்மையை ஊகித்தவர், பிரித்தானிய விமானத்துறை அமைச்சில் விஞ்ஞான உளவுப் பணியிலிருந்த ஆர். வி. ஜோன்ஸ் என்னும் இளம் பௌதிக அறிஞர். அப்பொழுது அவருக்கு வயது 28. வீழ்ந்த விமானங்களில் இக்கற்றையை வாங்குதற்கென்று தனிக்கருவி எதுவும் காணப்படவில்லை. ஆயின் அவற்றிலிருந்த சாதாரண லோறன்ஸ் தரையிறங்கு கருவி, தரையிறங்குதற்கு வேண்டுவதினும் மிக நுண்ணிய செவியுடையதாயிருந்தது. அத்துணை நுண்ணிய செவி எதற்கு? இவ்வொரு வினாவே கள்ளத்தைக் காட்டிக்கொடுத்தது.

ஜூன் 21ஆந் திகதி பிரதமர் சேர்ச்சில் தலைமையில் நடந்த கூட்டத்திலே ஜோன்ஸ் ஏறத்தாழ இருபது நிமிடம் பேசித் தம் கருத்தை நிறுவினார். அத்தகைய குறுகிய அலைகள் புவியின் வளைவைத் தழுவி அவ்வளவு தூரம் வரமாட்டா என்று மூத்த நிபுணர் ஒருவர் மறுத்திருந்தார். வாதத்துக்கு முடிவு அன்றிரவே கிடைத்தது. கேள்கருவியோடு அனுப்பப்பட்ட ஓர் ஆன்சன் விமானம், ஸ்போல்டிங் என்னும் ஊருக்கு ஒரு மைல் தெற்கே 400 முதல் 500 யார் அகலமான ஒரு கற்றையைக் கண்டது. அதன் மீடிறன், அஃதாவது செக்கனுக்கு அலை அதிரும் தொகை, 31.5 மெகாஹேர்ட்ஸ். அதனை ஊடறுக்கும் இரண்டாவது கற்றையும் காணப்பட்டது. இரண்டும் சந்தித்த இடத்தை அடுத்து டேர்பி நகரிலே போர்விமானங்களின் என்ஜின்களைச் செய்த ரோல்ஸ்-ரோய்ஸ் தொழிற்சாலை இருந்தது.

க்னிக்கெபைனுக்குப் பிரித்தானியர் இட்ட பெயர் ‘தலைவலி’. ஆகவே அதற்கு மாற்றாகச் செய்த கருவிக்கு ‘அஸ்பிரின்’ என்று பெயரிட்டனர். தொடக்கத்திலே வேறு கருவி கிடையாமையால், வைத்தியசாலைகளில் நோயாளரின் உடம்புக்கு வெப்பமூட்டும் மின்கருவிகளையே மாற்றியமைத்து இரைச்சல் எழுப்பினர் என்பது சுவையான செய்தி. பின்னர் வந்த அஸ்பிரின்கள் ஜேர்மானியரின் நெட்டொலியைப் போன்ற ஒலியையே அனுப்பின. நடுவழியில் வந்த விமானியும் தான் விலகிவிட்டதாக எண்ணித் தடுமாறினான். கற்றையையே பிரித்தானியர் வளைத்துவிட்டனர் என்றொரு கதை அக்காலத்திற் பரவி இன்றும் நிலவுகின்றது. கற்றை வளையவில்லை, அதைக் கேட்டவனின் துணிபே வளைந்தது.

மயக்குதலின் தூய வடிவத்தை மீக்கன் என்னும் கருவியிற் காண்கின்றோம். பிரான்ஸ் முதலிய நாடுகளிலே ஜேர்மானியர் தம் விமானங்கள் வீடுதிரும்புதற்கென்று வானொலிக் கலங்கரைகளை நிறுவியிருந்தனர். பிரித்தானியர் அவற்றின் ஒலியை வாங்கி, அதே மீடிறனில், அதே ஒலியாக, இங்கிலாந்திலிருந்து மீள அனுப்பினர். பொய்யொலி எதனையும் அவர்கள் புனைந்தாரல்லர். மெய்யொலியே வேறிடத்திலிருந்து வந்தது. 1941 ஜூலை 24ஆந் திகதி விடியற்காலையிலே, பிறெஸ்ற் நகரின் கலங்கரையொலியை லிம்ப்ஷம் என்னுமிடத்திலிருந்த மீக்கன் எதிரொலித்துக்கொண்டிருந்தது. அதனால் வழிமயங்கிய ஜங்கர்ஸ் 88 விமானமொன்று, பிரிஸ்ரல் நகருக்கருகே லல்ஸ்கேற்றிற் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பிரித்தானிய விமானத்தளத்திலே அமைதியாக வந்திறங்கியது. அதிலிருந்தோர் தாம் பிரான்சில் இறங்கியதாகவே நம்பினர். கயிற்றைப் பாம்பென்று கருதியவன் அஞ்சியாவது ஓடுகின்றான். இவர்களோ பாம்பைக் கயிறென்று பற்றினர்.

இப்போரிலே பிரித்தானியருக்கு எல்லாம் வெற்றியாகவே முடிந்ததென்று எண்ணற்க. ஜேர்மானியரின் இரண்டாவது முறையாகிய எக்ஸ்-கெரேற்றுக்கு எதிராகப் ‘புரோமைட்’ என்னும் மறைத்தற் கருவி அமைக்கப்பட்டது. அதன் அலை செக்கனுக்கு 1,500 முறை அதிரும் தொனியைத் தாங்கிச் சென்றது. ஜேர்மானியர் பயன்படுத்திய தொனியோ 2,000. அவர்தம் கருவியிலிருந்த வடிகட்டி 2,000 அல்லாதவற்றை ஒதுக்கிவிடும். ஆகவே பிரித்தானியரின் இரைச்சல் விமானியின் காதுக்கே எட்டவில்லை. 1940 நவம்பர் 14ஆந் திகதி இரவு கொவென்றி நகர் எரிந்தது. ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு எட்டு நாளின் முன்னரே, அக்கருவியைத் தாங்கிய விமானமொன்று பிரிட்போட் நகரையடுத்த கடற்கரையில் வீழ்ந்து கைக்கெட்டியிருந்தது. அது தரைப்படைக்குரியதோ கடற்படைக்குரியதோ என்ற பிணக்கிலே காலம் கழிய, கருவி உவர்நீரிலும் மணலிலும் கிடந்தது. வடிகட்டியின் உண்மை உரிய காலத்தில் உரியோரை எட்டவில்லை. அன்றிரவின் அழிவுக்கு இஃதொன்றே காரணம் என்று கூறுதல் மிகையாகும். அன்று நல்ல நிலவு, வந்த விமானங்களும் ஏறத்தாழ 450. எனினும், எதிரியின் கருவியை முற்ற அறியாது செய்யும் மாற்று எத்துணை வீணாகும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று கிடைத்தலரிது.

மூன்றாவது முறையாகிய ஒய்-கெரேற்றுக்குச் செய்யப்பட்ட மாற்றையே யான் மிகவும் வியந்தேன். இதிலே நிலத்து நிலையம் ஒரு தொனியை அனுப்ப, விமானம் அதனைத் திருப்பியனுப்பும். போய்வந்த காலத்தைக்கொண்டு தூரம் அளக்கப்படும். யுத்தம் தொடங்கியபோது மூடப்பட்ட பி.பி.சி.யின் அலெக்சாந்திரா மாளிகைத் தொலைக்காட்சி நிலையம் லண்டனிலே சும்மா கிடந்தது. விமானம் திருப்பியனுப்பிய தொனியை வாங்கி அந்நிலையத்தின் வழியாக மீண்டும் அனுப்பி அளவைப் பிழைக்கச் செய்தனர். அவர்களின் திறமை வலுவைக் கூட்டியதிலன்று, குறைத்ததிலேதான் இருந்தது. ஜோன்ஸின் யோசனைப்படி முதல் இரவிலே மிகச் சிறு வலுவே பயன்படுத்தப்பட்டது. பகைவன் தலையிடுகின்றான் என்று ஜேர்மானியர் கருதாமல், தம் கருவியே பழுதென்று கருதவேண்டும் என்பது நோக்கம். பின்னர் இரவுதோறும் வலுவைச் சிறிது சிறிதாகக் கூட்டினர். நிலையத்திலுள்ளோர் விமானியின் கருவியைக் குறைகூற, விமானி நிலையத்தைக் குறைகூறினான். அவர்கள் உண்மையை உணர்ந்த காலத்தில் அம்முறையில் அவர்களுக்கிருந்த நம்பிக்கையே போய்விட்டது.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 2013 ஜூன் மாதத்திலே டெக்சாஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரொட் ஹம்பிரீசும் அவர்தம் மாணாக்கரும், உரியோரின் அனுமதி பெற்று, மத்தியதரைக் கடலிலே ஓர் உல்லாசக் கப்பலில் ஒரு சோதனை செய்தனர். முதலில் உண்மை அலைக்கு முற்றும் ஒத்த பொய்யலையை மெல்ல அனுப்பினர். அதன் வலுவைச் சிறிது சிறிதாகக் கூட்ட, கப்பலின் கருவி தன்னையறியாமலே உண்மையை விட்டுப் பொய்யைப் பற்றிக்கொண்டது. அதன்பின் பொய்யலையைச் சிறிது நகர்த்த, கப்பல் விலகிவிட்டதாகக் கருவி காட்டிற்று. மாலுமிகள் அதனை ‘நேர்ப்படுத்த’, கப்பல் உண்மையிலேயே வழிவிலகிச் சென்றது. எச்சரிக்கை மணி ஒன்றேனும் ஒலிக்கவில்லை. அலெக்சாந்திரா மாளிகையில் 1941இற் கையாண்ட பொறுமையே இங்கும் கையாளப்பட்டது என்பதை வாசகர் காண்பர்.

பத்தாண்டு கழிந்தபின் சோதனையாயிருந்தது நடைமுறையாயிற்று. 2023 செப்தெம்பர் மாதம் முதலாக, ஈராக்கின் மேலே ஈரானிய எல்லையை அடுத்துச் சென்ற பயணிகள் விமானங்கள் மயக்கப்பட்டன. ஒரு சிறிய விமானம் அனுமதியின்றி ஈரானிய வான்வெளிக்குட் புகும் நிலையை எய்தியது. பெரிய விமானமொன்றின் விமானிகள், இப்பொழுது நேரம் என்ன, நாம் இருப்பது எங்கே என்று நிலத்திலுள்ளோரைக் கேட்கும்படி ஆயிற்று. போர் நடக்கும் நாடுகளிலே ஆளில்லா விமானங்களையும் ஏவுகணைகளையும் திசைதிருப்புதற்கு அனுப்பப்படும் பொய்யலைகளே இவற்றுக்குப் பெரும்பாலும் காரணம். அவ்வலை இது ஏவுகணை, இது குழந்தைகளும் முதியோரும் செல்லும் விமானம் என்று வேறுபாடு காண்பதில்லை.

கருவியின் நேரம் பிழைத்தால் என்ன நேரும் என்பதும் அப்பொழுதுதான் பலருக்கு விளங்கிற்று. பொய்யலை இடத்தோடு நேரத்தையும் மாற்றிவிடுவதால், விமானம் அப்பகுதியைக் கடந்து நெடுந்தூரம் சென்ற பின்னரும் சில கருவிகள் மீளவில்லை. மலை குறுக்கே வருகின்றது, மேலே எழும்புக என்று எச்சரிக்கும் கருவி, மலையேயில்லாத உயர்வானில் அலறியது. யான் படித்தவற்றுள் என்னை மிகவும் அஞ்சச் செய்தது இதுவே. அக்கருவி வந்தபின்னரே மலையில் மோதி அழியும் விமானங்களின் தொகை பெரிதும் குறைந்தது. அது ஒலித்தால் ஆராயாது உடனே எழும்பவேண்டும் என்பது விமானிகளுக்குப் பயிற்றப்பட்ட விதி. பத்துமுறை பொய்யாக அலறக் கேட்ட காது பதினோராம் முறை மெய்யாக அலறும்பொழுது என்ன செய்யும்? மயக்குவோன் ஒரு விமானத்தையும் வழிதிருப்பாவிடினும், நல்ல கருவியின் மீதுள்ள நம்பிக்கையைக் கெடுத்துவிடுகின்றான்.

இதற்கு மாற்று யாது? அலையின் வலுவைக் கூட்டலாமே என்று என் மாணவன் கேட்டான். செய்மதியின் வலுவைப் பத்து மடங்கு கூட்டினாலும், அருகே நிற்கும் பகைவன் தன் வலுவை நூறு மடங்கு கூட்டுதல் எளிது. ஆகவே அவ்வழி அதிக பயன் தருவதன்று. அலை வரும் திசையை நோக்குதல் அதனினும் சிறந்தது. உண்மைச் செய்மதிகள் வானின் பல திக்குகளிலிருந்து பேசுவன. பொய்யோன் ஓரிடத்தில் நின்றே பல குரலிற் பேசுகின்றான். பல உணர்கொம்புகளை அணிவகுத்து அமைத்தால், குரல்கள் யாவும் ஒரே திக்கிலிருந்து வருவதைக் கண்டு அத்திக்குக்குச் செவியடைத்துக்கொள்ளலாம். போர்விமானங்களில் இது உண்டு. பயணிகள் விமானத்துக்கு விலையும் பாரமும் தடையாயுள்ளன.

செய்மதியின் சொல்லுக்கு முத்திரையிடுதல் மற்றொரு வழி. ஐரோப்பியரின் கலிலியோத் தொகுதியிலே இச்சேவை 2025 ஜூலை மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு செய்தியோடும், ஓர் இரகசியத் திறவுகோலாற் செய்யப்பட்ட முத்திரை சேர்த்து அனுப்பப்படும். சிறிது நேரங்கழித்து அத்திறவுகோலே வெளிப்படையாக அறிவிக்கப்படும். அதனைக்கொண்டு முன்வந்த முத்திரை சரியோ என்று கருவி சோதிக்கும். திறவுகோல் வெளிவந்தபின் பொய்யோன் அதனைப் பெற்றும் பயனில்லை; அதன் காலம் கடந்துவிட்டது. மிக நுட்பமான உபாயம் இது. ஆயினும் மீக்கனை ஈண்டு நினைக்க. பொய்யைப் புனையாது மெய்யையே வாங்கிச் சிறிது தாமதித்து மீள அனுப்புவோனிடம், அனுப்பப்படுவது முத்திரையிட்ட மெய்யே. லிம்ப்ஷம் தந்திரத்தை இம்முத்திரை தானாகத் தடுத்துவிடாது. அன்றியும், விமானக் கருவிகளைச் சோதித்துச் சான்றுபெற்று மாற்றுதற்குப் பல்லாண்டு செல்லும்.

ஆகவே ஒரு சாட்சியை எவ்வளவு திருத்தினாலும் போதாது. வேறு சாட்சிகளும் வேண்டும். இன்றைய கருவிகள் நான்குக்கு மேற்பட்ட செய்மதிகளைக் கேட்டு, அவற்றின் சொற்கள் ஒன்றோடொன்று இயைகின்றனவா என்று சோதிப்பதுண்டு. ஒரு செய்மதி பழுதுற்றால் இச்சோதனை அதனைக் காட்டிக்கொடுக்கும். எல்லாச் சொல்லும் ஒருவனே புனைந்ததாயின் யாவும் அழகாக இயையும். ஒருவராலேயே பயிற்றப்பட்ட பத்துச் சாட்சிகள் நீதிமன்றத்தில் முரண்படாது பேசுதல் வியப்பன்று. வேண்டுவது சாட்சிகளின் தொகையன்று, அவர்தம் சுதந்திரம்.

அத்தகைய சுதந்திரச் சாட்சி விமானத்துக்குள்ளேயே உண்டு. சடத்துவ வழிகாட்டி எனப்படும் கருவியிலே கைரோக்கள் திரும்பலையும், ஆர்முடுகல்மானிகள் வேகமாற்றத்தையும் அளக்கின்றன. புறப்பட்ட இடம் தெரிந்தால், கண்ணைக் கட்டிக்கொண்டு அடியெண்ணி நடப்பவன் போல, இப்பொழுது எங்கேயென்று அது கணித்துக்கொண்டே செல்லும். வெளியிலிருந்து ஓர் அலையையும் அது கேட்பதில்லை. ஆதலின் அதனை மயக்குதல் இயலாது. மணிக்கு ஒரு கடல்மைல் அளவில் அதன் கணக்கு மெல்லப் பிழைத்துச் செல்வதே குறை. அக்குறையைத் தீர்க்கக் கருதிய பொறியியலார், செய்மதியின் சொல்லைக்கொண்டு அதனை இடையிடையே திருத்தும்படி பல விமானங்களில் இரண்டையும் இணைத்துவைத்தனர். நல்லெண்ணத்தாற் செய்ததே, ஆயினும் செய்மதிக் கருவி மயங்கியபோது மற்றதும் அதனோடு சேர்ந்து மயங்கும்படி ஆயிற்று. 2023இல் விமானிகளைத் திகைக்கவைத்தது இதுவே. தனித்து நிற்கவேண்டிய சாட்சியை மற்றச் சாட்சியின் வீட்டில் விருந்துண்ணச் செய்தாற் போலாயிற்று. இப்பொழுது விமானிகள் இடர்ப்பகுதியை அணுகுமுன்னர் அவ்விணைப்பைத் தத்தம் விமானத்துக்குரிய விதிப்படி துண்டிக்கவும், விமானக் கடிகாரத்தைத் தம் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடவும் அறிவுறுத்தப்படுகின்றனர்.

நிலத்திலுள்ள பழைய நிலையங்கள் மற்றொரு சாட்சி. விமானம் இரு துடிப்புகளை அனுப்பி வினவ, நிலத்துத் தூரமானி நிலையம் 50 மைக்குரோசெக்கன் தாமதித்து விடையளிக்கும். போய்வந்த காலத்தாற் தூரம் தெரியும். ஒய்-கெரேற்றின் கருத்தே இங்கே திசைமாறி நிற்கின்றது. ஓடுபாதைக்கு வழிகாட்டும் கற்றையும் லோறன்ஸ் முறையின் வழித்தோன்றலே; குற்றொலி நெட்டொலிக்குப் பதிலாக இன்று 90, 150 என்னும் இரு தொனிகள் உள, அவ்வளவே. இந்நிலையங்கள் விமானத்துக்கு அண்மையிலிருந்து உரக்கப் பேசுவன. இவற்றை மூடுதல் செய்மதியை மூடுவது போல எளிதன்று. செய்மதி வந்தபின் இவை வீண்செலவு என்று கருதிப் பல நாடுகள் ஒவ்வொன்றாக மூடிவந்தன. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது சிக்கனமாகத் தோன்றும். ஒரு வீட்டுக்குக் குழாய்நீர் வந்துவிட்டதென்று கிணற்றைத் தூர்ப்பது போன்றது அது என்பது என் கருத்து.

எஸ்தோனியா நாட்டிலே தார்த்து என்னும் நகரம் உளது. அதன் விமான நிலையத்தில் இறங்கும் முறை செய்மதியையே சார்ந்திருந்தது. 2024 ஏப்ரில் மாதத்தின் இறுதியில், அடுத்தடுத்த இரு நாட்களிலே ஹெல்சிங்கியிலிருந்து சென்ற ஃபின்எயார் விமானங்கள், அலைகள் மறைக்கப்பட்டமையால் இறங்கமாட்டாது வந்தவழியே திரும்பின. விமானங்களிற் பழுதில்லை, ஓடுபாதையிலும் குறையில்லை. ஃபின்எயார் அந்நகருக்கான சேவையை ஏப்ரில் 29 முதல் மே மாத முடிவுவரை நிறுத்திவைத்தது. அவ்விடைக்காலத்திலே எஸ்தோனியர் நிலத்துத் தூரமானிகளைக்கொண்டு இறங்கும் வேறொரு முறையை வகுத்தனர். ஜூன் மாதத்தில் விமானங்கள் மீண்டும் தார்த்துவில் இறங்கத் தொடங்கின.